நூலுக்கும் ஒரு வகீல்

ஒரு நாவலை எழுதி முடிப்பது ஓர் உழைப்பு. அதனைப் படிப்போர் கைக்குக் கொண்டு சேர்ப்பது மற்றோர் உழைப்பு. முன்னதை ஒருவர் தனியே அமர்ந்து செய்துவிடலாம். பின்னதற்குப் பிறர் துணை வேண்டும். அத்துணை கிட்டாமையால் பெட்டிக்குள்ளேயே கறையானுக்கு இரையான ஏடுகள் நம் சமுதாயத்தில் பலவுண்டு. ஆகவே, நூலுக்குத் துணை நின்றோரின் வரலாற்றைச் சிறிது நோக்குவது பயனுடையது எனக் கருதுகிறோம்.

மேலைநாடுகளில் இத்துணை ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. அத்தொழில் செய்வோரை இலக்கிய முகவர் என்பர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனில் இதனை நிலைநிறுத்தியவர் அலெக்சாண்டர் பொல்லாக் வாட் (1834–1914) என்னும் ஸ்காட்லாந்துக்காரர். நண்பர் ஜார்ஜ் மெக்டொனால்டின் கதைகளைப் பதிப்பாளரிடம் விற்றுக் கொடுக்கத் தொடங்கிய அவர், பின்னர் கானன் டாயில், கிப்ளிங் போன்றோருக்கும் முகவரானார். எழுத்தாளரின் வருவாயில் நூற்றுக்குப் பத்து அவருக்குரிய கூலி. நூல் விலைபோனால் கூலியுண்டு, போகாவிடில் இல்லை. 'எமக்கும் எழுத்தாளருக்கும் இடையே மூன்றாமவர் எதற்கு?' என்று பதிப்பாளர் சிலர் சினந்தனர். ஆயினும் தொழில் நிலைத்தது. இன்று ஆங்கிலப் பெரும் பதிப்பகங்களுள் பல, முகவர் வழியாக வாராத கைப்பிரதியைத் திறந்தும் பார்ப்பதில்லை. எனவே அங்கே புதிதாக எழுதுவோர் பதிப்பாளருக்கு முன்னர் முகவரைத் தேடுகின்றனர். ஒரு கடிதம், கதைச் சுருக்கம், முதற்சில அத்தியாயங்கள் ஆகியவற்றை முகவர் பலருக்கும் அனுப்பிவிட்டு, மாதக் கணக்கில் மறுமொழிக்குக் காத்திருக்கின்றனர்.

இது நமக்குப் புதிய கருத்தன்று. ஃபிக்ஹு நூல்களில் 'வகாலத்' என ஒரு தனிப்பாடம் உண்டு. தம் காரியத்தைத் தமக்காக நடத்தித் தருமாறு ஒருவர் மற்றொருவரிடம் ஒப்படைப்பதே வகாலத். அதனை ஏற்றுக்கொண்டவர் வகீல். வழக்கறிஞரை நாம் வக்கீல் என்பதும் இச்சொல்லைக் கொண்டே. வகீல் பேசிய கூலியைப் பெறலாம். ஆயின் அவர் கையிலுள்ள பொருள் அமானத். ஒப்படைத்தவரின் நலனே அவர் நோக்கமாதல் வேண்டும். கூலி பின்னே வருவது. நம்பிக்கை முன்னே நிற்பது.

இவ்வரிசைக்கு ஆர். கே. நாராயண் வரலாறு நல்லதொரு சான்று. சென்னையில் 1906இல் பிறந்து மைசூரில் வாழ்ந்த அவர், தம் முதல் நாவலை இலண்டன் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். ஒன்றன்பின் ஒன்றாக அவை திருப்பியனுப்பின. மனம் சலித்த நாராயண், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பர் பூர்ணாவுக்கு, கைப்பிரதியில் கல்லைக் கட்டித் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிடுமாறு எழுதினார். நண்பரோ அதனை எடுத்துச் சென்று எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீன் படித்தார், பதிப்பாளரிடம் பரிந்துரைத்தார். 1935இல் 'சுவாமியும் நண்பர்களும்' வெளிவந்தது. முகவர் ஒருவரோடு தொடர்பும் கிரீன் வழியாகவே வாய்த்தது. நாராயணும் கிரீனும் நேரிற் சந்தித்தது 1956இல்தான்! முகங்காணாத ஒருவரின் எழுத்துக்காக இருபதாண்டுகளுக்கு மேல் கிரீன் துணைநின்றார். அதற்குக் கூலி ஏதும் பெற்றாரல்லர்.

இனி நம் இலக்கியத்திற்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எட்டயபுர அரசவைப் புலவராயிருந்த உமறுப்புலவர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைக் காப்பியமாக்க விழைந்தார். அதற்குத் தூண்டுகோலாய் நின்றவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அரபுச் செய்திகளை நாடிப் புலவர் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் சென்றபோது முதலில் மறுக்கப்பட்டார் என்றும், பின்னர் பரங்கிப்பேட்டை மாமூ நயினார் லெப்பையிடம் அனுப்பப்பட்டுப் பாடங்கேட்டார் என்றும் வழிவழியாகச் சொல்வர். நூல் முற்றுப்பெறுமுன் வள்ளல் மறைந்தார். அத்தோடு முயற்சியும் நின்றிருக்கலாம். பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் அப்பொறுப்பை ஏற்றார். காப்பியத்தின் பல இடங்களில் புலவர் அவரை நன்றியுடன் போற்றியிருப்பதை நாம் இன்றும் காணலாம்.

அதனோடும் கதை முடியவில்லை. ஏட்டில் இருந்த 5,027 பாடல்களை 1842இல் அச்சிற் கொணர்ந்தவர் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். பின்னர்க் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) அதற்கு உரை விளக்கம் தந்தார். தூண்டியவர், செய்தி தந்தவர், பொருள் தந்தவர், அச்சிட்டவர், விளக்கியவர் என இத்துணை வகீல்கள் தோள் கொடுத்தமையாற்றான் சீறாப்புராணம் நம் வீடுகளை வந்தடைந்தது.

நாவலுக்கும் இந்நிலையே. கண்டி வழக்கறிஞர் முஹம்மது காசிம் சித்தி லெப்பை (1838–1898) 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியவர். 1885இல் தம் 'அஸன்பே சரித்திரம்' நாவலை வெளியிட்டபோது இதழும் அச்சகமும் அவரிடமே இருந்தன. தமக்குத் தாமே வகீலானார் எனலாம். நாகூர் சித்தி ஜுனைதா பேகத்திற்கு (1917–1998) அவ்வாய்ப்பு ஏது? முஸ்லிம் பெண் கதை எழுதுவதா என்று முகஞ்சுளித்த காலம் அது. 1938இல் வெளிவந்த அவருடைய 'காதலா? கடமையா?' நாவலுக்கு மதிப்புரை நல்கியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். இருபத்தொரு வயதுப் பெண்ணின் நூலுக்கு அம்முதுபெரும் அறிஞரின் சொல் எத்தகைய காவலாய் நின்றிருக்கும்!

தமிழ்ப் பதிப்புலகில் எழுத்தாளர் பலர் பதிப்பாளரை நேரே அணுகுகின்றனர். சிலர் கைப்பொருள் செலவிட்டு அச்சிட்டுப் பிரதிகளைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைக்கின்றனர். முகவர் என்று கூறி முன்பணம் கேட்போரிடம் நம் இளைஞர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். நூல் ஈட்டிய வருவாயிலிருந்து பங்கு பெறுபவரே உண்மை முகவர். எழுதினவரின் ஆசையை விலையாக்குபவர் வகீல் ஆகார்.

பள்ளிவாசல் கட்டப் பொருள் தருவோர் நம்மிடையே நிறைய உளர். அவர்தம் நற்செயலை அல்லாஹ் ஏற்றருள்வானாக! அவ்வூரிலேயே ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ எழுதி வைத்திருக்கும் குறிப்பேட்டை வாங்கிப் படித்து, நன்றெனில் தக்காரிடம் எடுத்துச் செல்வோர் எத்தனை பேர்? இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. பூர்ணா கொடுத்தது பேருந்துக் கட்டணமும் ஒரு பிற்பகலுமாக இருந்திருக்கலாம். அடுத்த உமறு எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதை நாம் அறியோம். அவர் நம் வாயிலுக்கு வரும்போது கதவைத் திறப்பதே நம் கடமை.