மூச்சும் பதிவேடும்: சுண்ணாம்புக்குளம் வட்டாரக் கிராம சுகாதார செவிலியர்களின் பணி அழுத்தம் குறித்து

மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் முழுக்கவனப் பயிற்சி செவிலியரின் பணி அழுத்தத்தைத் தணிக்குமா என்பது பெரும்பாலும் மருத்துவமனை வார்டுகளை வைத்தே ஆராயப்பட்டுள்ளது. பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், கும்மிடிப்பூண்டி வட்டத்துச் சுண்ணாம்புக்குளம் போன்ற ஊர்களின் கிராம சுகாதார செவிலியரை முன்னிறுத்தினால் அக்கேள்வியையே திருத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. பயிற்சி பயன் தரக்கூடியது. பணியமைப்பைத் தொடாமல் விட்டால் அதுவே செவிலியரின் தலையில் இன்னொரு வேலையாக ஏறும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஜான் கபட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தம் முழுக்கவனப் பயிற்சியைத் தொடங்கினார். பௌத்த தியான மரபில் வேர்கொண்ட அந்த எட்டு வாரப் பாடம், மூச்சையும் உடலுணர்வையும் எண்ணங்களையும் நல்லது கெட்டது என்று தீர்ப்பிடாமல் கவனிக்கப் பழக்குகிறது. அதே ஆண்டில் ராபர்ட் காரசெக் வெளியிட்ட ஆய்வு வேறொரு திசையைக் காட்டியது: வேலைப்பளு மிகுந்து, அவ்வேலையில் தீர்மானிக்கும் உரிமை குறையும்போதுதான் மன இறுக்கம் முற்றுகிறது.

ஏரிக்கரைச் செவிலியரின் நிலையைக் காரசெக்கின் விளக்கம் நன்றாகப் புலப்படுத்துகிறது. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, வீட்டுப்பார்வை, கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பின்தொடரும் பிக்மி இணையப் பதிவு, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கான ஆவணங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. இப்பணிகளின் பலனோ ஏரியைச் சார்ந்தது. ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் மீன்பாடு குறைகிறது. குடும்ப வருமானம் சரிகிறது. ஏரியில் கையால் இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் பெண்ணுக்குப் பரிசோதனை நாள் என்பது கூலியை இழக்கும் நாள். அப்பெண் வராததற்கான காரணம் ஏரியில் இருக்கிறது. விளக்கம் சொல்ல வேண்டியவரோ செவிலியர். கட்டுப்பாடு இல்லாத ஒன்றுக்குப் பொறுப்பேற்கும் இந்த நிலையை மூச்சுப் பயிற்சி மாற்றாது.

சுகாதாரப் பணியாளர்களிடையே நடந்த பல ஆய்வுகளில், பயிற்சிக்குப் பின் தாங்கள் உணரும் அழுத்தம் குறைந்ததாகப் பங்கேற்றோர் கூறியுள்ளனர். ஆனால் அவற்றுள் பல சிறியவை. குறுகிய காலமே தொடர்ந்தவை. பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களைப் பற்றிய தரவை ஆராய்ந்து வில்லியம் ஃப்ளெமிங் 2024இல் வெளியிட்ட கட்டுரை, தனிநபர் மனநலப் பயிற்சிகளில் பங்கேற்றோர் பங்கேற்காதோரைவிடப் பெரிதும் நலமாக இல்லை என்றது. ஒரே காலப்புள்ளியின் தரவு என்பதால் அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது, எச்சரிக்கையாகக் கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் பணிச்சோர்வை நோயாக வகைப்படுத்தவில்லை. பணி சார்ந்த நிகழ்வாகவே வரையறுத்தது.

அமைப்பு மாற ஆண்டுகள் ஆகும், மூச்சைக் கவனிக்க இன்றே முடியும் என்பது வலுவான எதிர்வாதம். அதை ஏற்கலாம், மூன்று நிபந்தனைகளோடு. முதலாவது நேரம். கபட்-சின் முறை நாள்தோறும் ஏறத்தாழ 45 நிமிட வீட்டுப் பயிற்சியைக் கேட்கிறது. வீட்டு வேலையும் இரவு அழைப்பும் உள்ள பெண்ணுக்கு அது இயலாது. பயிற்சி பணி நேரத்துக்குள் அமைய வேண்டும். இரண்டாவது இடம். இலக்கு எட்டாததற்குக் கேள்வி கேட்கும் ஆய்வுக்கூட்டத்திலேயே தீர்ப்பிடாத கவனத்தைக் கற்பிப்பது முரண். மேலதிகாரி அல்லாத ஒருவர், வருகைப் பதிவு இன்றி, விரும்புவோருக்கு மட்டும் நடத்த வேண்டும். மூன்றாவது அளவுகோல். துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலை, பழங்குடி, எளிதில் எட்ட முடியாத பகுதிகளில் 3,000 பேர் என்பது விதி. நீரால் பிரிந்த ஏரிக்கரை ஊர்களுக்கு இரண்டாவது அளவே பொருந்தும்.

ஆகவே பணியமைப்பைத் தொடும் முதல் படியாக, பயிற்சிக்கு நிதி ஒதுக்கும் அரசாணையிலேயே, ஒரே தகவலை இருமுறை எழுதவைக்கும் பதிவேடுகளை நீக்கும் உத்தரவும் இடம்பெற வேண்டும். அது இல்லாத பயிற்சித் திட்டத்தைச் செவிலியர் நலத்திட்டம் என்று அழைக்க இயலாது.