மறைந்திருந்து முழங்கிய மங்கை

நாவன்மை மேடையேறுவார்க்கே உரியதென்று நம்மவர் பலர் எண்ணுவர். ஆளைக் காட்டாது குரலை மட்டும் கொண்டுவரும் வானொலிக்கு வேறொரு வலிவுண்டு. நம் புதுவையோர் இதனை அறியாதவரல்லர். 1940 ஜூன் 18-இல் இலண்டன் வானொலியில் தெகோல் தளபதி விடுத்த அழைப்பின் வழிநின்றே, அவ்வாண்டு செப்டம்பரில் பிரெஞ்சிந்தியா சுதந்திர பிரான்சின் பக்கம் சேர்ந்தது. ஆயின் தளபதியார்க்கு ஓர் அரசின் ஒலிபரப்பு நிலையம் துணையாயிருந்தது. அத்தகைய துணை ஏதுமின்றிப் பேசிய ஒரு மங்கையின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

உஷா மேத்தா அம்மையார் 1920 மார்ச் 25-இல் கூர்ச்சர நாட்டில் சூரத்துக்கு அணித்தான சரஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். எட்டு வயதிலேயே சைமன் குழுவை எதிர்த்த ஊர்வலத்தில் நடந்தார். தந்தையாரோ ஆங்கில அரசின் நீதிபதி, மகளைத் தடுத்தார். 1930-இல் அவர் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னர் அத்தடையும் நீங்கிற்று.

நம் குலத்துப் பெண்மக்கள் பட்டங்கள் பெற்றும் சங்கக் கூட்டங்களில் பின்வரிசையில் வாய்திறவாது அமர்ந்திருத்தலைக் காணுந்தோறும் எமக்கு இச்செய்தி நினைவுக்கு வரும். குறை அவர்களிடத்தன்று, பேச எழுந்தவளை 'உட்கார் அம்மா' என்று அமர்த்தும் பெரியோரிடத்தே. யாமும் அப்பெரியோருள் ஒருவராய் இருந்ததுண்டு.

1942 ஆகஸ்டு 9-இல் காந்தியடிகளும் பிற தலைவர்களும் சிறைப்பட்டனர். செய்தித்தாள்களின் வாய் அடைக்கப்பட்டது. வானொலி நிலையமோ அரசினர் கையில். அத்திங்களிலேயே இருபத்திரண்டு வயது மாணவியாகிய அம்மையாரும் தோழர் சிலரும் பம்பாயில் மறைவாகக் காங்கிரஸ் வானொலியைத் தொடங்கினர். 42.34 மீட்டர் அலைநீளத்தில், இந்தியாவின் ஏதோ ஓரிடத்திலிருந்து பேசுவதாக அறிவித்தனர். சிகாகோ ரேடியோ கம்பெனியின் நானக் மோத்வானி கருவிகள் தந்துதவினார். இராம் மனோகர் லோகியா பேச்சுக்கள் தந்தார். சிட்டகாங்கில் விழுந்த குண்டும், ஜாம்ஷெட்பூர்த் தொழிலாளர் வேலைநிறுத்தமும், சிமூர் ஊரில் பெண்டிர்க்கு இழைக்கப்பட்ட கொடுமையும் இவ்வானொலியில் அஞ்சாது வெளிப்பட்டன. காவலர் அலையைப் பின்பற்றித் தேடியமையின், கருவியைச் சில நாட்களுக்கொருமுறை வீடு மாற்றிச் சுமந்தனர்.

கூட்டத்திலிருந்த கருவி வல்லுநன் ஒருவனே காட்டிக்கொடுத்தான். நவம்பர் 12-இல் ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கையிலேயே காவலர் கதவை உடைத்துப் புகுந்தனர். ஆறு திங்கள் விசாரணை. தோழரைக் காட்டிக்கொடுப்பின் அயல்நாட்டில் படிக்க வைப்பதாக ஆசை காட்டினர். அம்மையார் வாய்திறக்கவில்லை. நீதிமன்றத்திலோ, விடையிறுத்தே தீரவேண்டுமா என்று நீதிபதியை வினவினார். கட்டாயமில்லையென்று அவர் கூறவே, தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டும் ஒன்றும் கூறேன் என்று நின்றார். ஊரறியப் பேசிய நாவுக்கு அன்று மௌனமே படைக்கலமாயிற்று. வழக்குற்ற ஐவருள் மோத்வானி உள்ளிட்ட இருவர் விடுதலையாயினர். அம்மையார்க்கு நான்காண்டுச் சிறை. ஒலிபரப்பு நடந்ததோ மூன்று திங்களே.

1946-இல் வெளிவந்தபோது அவர் உடல் நலிந்திருந்தது. இருந்தும் காந்தியடிகளின் கருத்துக்களை ஆராய்ந்து பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, நெடுங்காலம் மாணவர்க்கு அரசியல் பயிற்றினார். 1998-இல் பத்மவிபூஷண் விருது வந்தது. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-இல் காய்ச்சலோடு பம்பாய் ஆகஸ்டுக் கிராந்தித் திடலின் நினைவுநாளுக்குச் சென்று திரும்பினார். இரண்டு நாட் கழித்து, 11-ஆம் நாள், உயிர் நீத்தார்.