‘ஒரு வருஷம் போல’

டயகமப் பக்கத்து முதியவர் ஒருவரிடம் அடுத்த டிவிசன் எவ்வளவு தூரம் என்று கேட்டால், “இந்தா, கூப்பிடு தூரந்தாங்க” என்பார். வயதைக் கேட்டாலோ, “ஒரு எழுபது எழுபத்தஞ்சு இருக்குமுங்க.” நாலைந்து, பத்துப் பதினைந்து என்று இரண்டு எண்களுக்கு நடுவே இடம் விட்டுப் பேசுவது நமது வழக்கு. ஆங்கிலேயரும் வீட்டுப் பேச்சில் எண்ணுக்குப் பின்னால் ‘ஓர் ஸோ’ என்று ஒட்டிக்கொள்வர். நாம் எடுத்தாளும் ‘சுமார்’ பாரசீகச் சொல். அங்கே அதற்கு எண்ணிக்கை என்று பொருள். எண்ணிக்கையைக் குறித்த சொல் தமிழில் புகுந்து எண்ணாமையைக் குறிக்கத் தொடங்கியது வேடிக்கைதான்.

தோட்டத்துக் கணக்கில் இந்த நெகிழ்ச்சிக்கு இடமிருந்ததில்லை. கொழுந்து ராத்தலில் நிறுக்கப்பட்டது. ஒரு நாள் வேலை ஒரு ‘பேர்’, குறைந்தால் ‘அரைப்பேர்’. செக்ரோலில் ‘பேர் போல’ என்று எதுவும் பதிவதில்லை. ஆனால் அந்தப் புத்தகம் துரையினுடையது. தொழிலாளியின் காலக்கணக்கு வேறு: மூத்தவள் பிறந்த வருஷம், பெருவெள்ளம் வந்த வருஷம், நேரு வந்துபோன வருஷம்.

இவ்விரு கணக்குகளும் மோதிக்கொண்டது 1949இல். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானோர், அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன், மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் தொடர்ச்சியாக இங்கே வசித்திருக்க வேண்டும். நேரு வந்தது 1939 ஜூலையில். “நேரு வந்த வருஷத்துல வந்தோம்” என்று மணமான ஒருவர் சொன்னால், சில மாதங்களால் உரிமை போயிற்று! இடையில் ஒரு தடவை பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே தங்கியிருந்தாலும் தொடர்ச்சி அறுந்துவிடும். திருச்சிப் பக்கத்து ஊருக்குக் கலியாணத்துக்கோ கருமாதிக்கோ போனவர், “ஒரு வருஷம் போல இருந்துட்டு வந்தோமுங்க” என்றால் அந்தப் ‘போல’ பதினொரு மாதமா, பதின்மூன்றா? லயத்தில் யாரும் கேட்டிராத கேள்வி அது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர்.

இனி அரசுகளின் மொழியைப் பாருங்கள். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோர் தொகையை 975,000 என்றது. அதையும் அண்ணளவாகத்தான் சொன்னது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதாம். சந்தையில் காய்கறி பிரிப்பவரும் இப்படிப் பேசத் தயங்குவார். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்கு 75,000 என்று பாதியாக்கினார்கள்.

தொழிலாளியின் ‘போல’ அவரது விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யப் போதுமாயிருந்தது. இரு பிரதமர்களின் ‘அண்ணளவு’ ஒப்பந்தமாயிற்று. 2003இல் வந்த சட்டம் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியபோதும் ஒரு திகதி கேட்டது: 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவர், அல்லது அவரது வழித்தோன்றல்.