கருவாட்டு மூட்டையும் நாய்த்தீவனமும்: ஆன்டி-ஆக்ஸிடன்ட் வந்த வழி

சென்னைக்கு வடக்கே கடலோரமாகப் போனால் வருவது பழவேற்காடு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இங்குதான் இருக்கிறது. ஏரிக்கரையிலும், ஏரியையும் கடலையும் பிரிக்கும் மணல் திட்டிலும் மீனவர் குப்பங்கள். ஏரியில் மடவை, இறால், நண்டு. கடலில் நெத்திலி, மத்தி. விற்றது போக மிஞ்சிய மீன் உப்பும் வெயிலும் பட்டுக் கருவாடாகும். தலையும் குடலும் குப்பத்து நாய்களுக்கு.

இந்த நாய்களுக்கும், இன்று சென்னைக் கடைகளில் பளபளப்பான பைகளில் விற்கும் நாய்த்தீவனத்துக்கும் என்ன சம்பந்தம்? பையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ‘ஆன்டி-ஆக்ஸிடன்ட்’ என்ற ஒரு சொல்தான் சம்பந்தம். அந்தச் சொல்லின் வரலாறு மீனில் தொடங்கவில்லை என்றாலும் மீன் வழியாகத்தான் வருகிறது.

கருவாடு போடும் பெண்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். நெத்திலிக் கருவாடு தாங்கும். கொழுப்பு அதிகமுள்ள மத்தி அவ்வளவு நாள் தாங்காது. மஞ்சளாகிச் சிக்கு வாடை அடிக்கும். உப்பு போதாததால் வரும் கேடு அல்ல இது. உப்பும் வெயிலும் ஈரத்தை எடுத்துக் கிருமிகளைத் தடுக்கும், காற்றிலுள்ள ஆக்ஸிஜனைத் தடுக்காது. மீன் கொழுப்பு ஆக்ஸிஜனோடு மிக எளிதில் சேரும். ஒரு மூலக்கூறு கெட்டால் அது பக்கத்து மூலக்கூறையும் கெடுக்கும். சங்கிலி போல நீளும் இந்தக் கேட்டை நடுவில் புகுந்து அறுக்கும் பொருள்தான் ஆன்டி-ஆக்ஸிடன்ட்.

நெடுநாள் கெடாத உணவு என்பது பழவேற்காட்டுக்குப் புதிய பிரச்சினை அல்ல. டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையை 1613-ல் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். இங்கிருந்து துணி ஏற்றிப் போன கப்பல்களில் மாலுமிகளுக்கு மாதக்கணக்கில் சாப்பாடு வேண்டும். ஐரோப்பியக் கப்பல்கள் இதற்குக் கண்ட வழி, மாவையும் தண்ணீரையும் பிசைந்து கல் போலச் சுட்ட கப்பல் ரொட்டி. கொழுப்பே இல்லாததால் அது சிக்கு அடிக்காது.

நாய்த்தீவனத் தொழில் பிறந்ததும் இந்த ரொட்டியிலிருந்துதான் என்று ஒரு கதை உண்டு. அமெரிக்காவிலிருந்து லண்டனுக்கு இடிதாங்கி விற்கப் போன ஜேம்ஸ் ஸ்ப்ராட், துறைமுகத்தில் தூக்கி எறிந்த கப்பல் ரொட்டியை நாய்கள் தின்பதைப் பார்த்தாராம். கதை எப்படியோ, 1860களில் அவர் லண்டனில் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கியது உண்மை. அதுவரை பெரும்பாலான நாய்களுக்குக் கிடைத்தது மனிதன் தின்ற மிச்சம்தான். நம் ஊரில் கஞ்சி, குப்பத்தில் மீன் தலை.

அடுத்த திருப்பம் இரண்டாம் உலகப்போர். அமெரிக்காவில் தகரம் போருக்குத் தேவைப்பட்டதால் டின்னில் அடைத்த நாய் உணவு நின்றது, உலர் தீவனம் அந்த இடத்தைப் பிடித்தது. 1957-ல் ப்யூரினா நிறுவனம் ‘டாக் சௌ’ என்ற தீவனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மாவை அழுத்தத்தோடு சூடாக்கிப் பொரி போலப் பொங்க வைத்த உருண்டைகள் அவை. நாய் விரும்பித் தின்ன இத்தகைய உருண்டைகளின் மேல் கொழுப்பைத் தெளிப்பார்கள். கொழுப்பு வந்ததும் கருவாட்டுக்காரிக்குத் தெரிந்த அதே பிரச்சினை தொழிற்சாலைக்கும் வந்தது. மாதக்கணக்கில் கடையில் இருக்கும் பைக்குள் சிக்கு வாடை!

இதற்குக் கிடைத்த மலிவான மருந்துகளில் ஒன்று எதாக்ஸிகுவின். ரப்பர் வெடிக்காமல் இருக்கச் சேர்த்த இந்த ரசாயனத்தை 1950களில் அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனம் தீவனத்துக்குக் கொண்டுவந்தது. மீன்தூள் தொழிலுக்கு இது பெரிய வரமாக இருந்தது. மீன்தூளின் கொழுப்பு ஆக்ஸிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிவரும். கப்பல் கிடங்கில் மூட்டை மூட்டையாக அடுக்கினால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். அதனால்தான் கடல் போக்குவரத்து விதிகள் மீன்தூளை அபாயகரமான சரக்குகளில் சேர்த்து, ஆன்டி-ஆக்ஸிடன்ட் கலக்கச் சொல்கின்றன. ஆக, தீவனத்துக்குள் இந்தப் பொருள் முதலில் வந்தது மூட்டையையும் கப்பலையும் காப்பாற்ற. நாயைக் காப்பாற்ற அல்ல.

நாய் வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்கச் சில பத்தாண்டுகள் ஆயின. தோல் நோய், கல்லீரல் கோளாறு என்று அமெரிக்காவில் புகார்கள் குவிந்தன. நிறுவனமே நடத்திய ஆய்வில் நாய்களின் கல்லீரலில் நிறமி படிவது தெரிந்தது. 1997-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அனுமதித்த அளவான 150 பிபிஎம்-ஐ 75 ஆகக் குறைத்துக்கொள்ளுமாறு நாய்த்தீவன நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. கட்டாயம் அல்ல, வேண்டுகோள்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் எதாக்ஸிகுவின் அனுமதியை நிறுத்தி வைத்தது, 2022-ல் மறுத்தது. பல நிறுவனங்கள் வைட்டமின் ஈ வகையைச் சேர்ந்த டோகோஃபெராலுக்கு மாறின.

அப்படியானால் ஆன்டி-ஆக்ஸிடன்ட் வெறும் வியாபாரத் தந்திரமா? அதுவும் இல்லை. 1922-ல் கலிஃபோர்னியாவில் ஹெர்பர்ட் எவன்ஸ், கேதரின் பிஷப் இருவரும் எலிகளிடம் கண்டறிந்த சத்துதான் வைட்டமின் ஈ. அது உடலுக்குள் கொழுப்பைக் கெடாமல் காக்கிறது. டின்னில் அடைத்த சூரை மீனையே தின்று வந்த பூனைகளுக்கு உடல் கொழுப்பு மஞ்சளாகி வீங்கும் நோய் வந்ததும், வைட்டமின் ஈ குறைவே காரணம் என்று தெரிந்ததும் இதற்குச் சாட்சி. பையில் கெடும் கொழுப்பு உடலிலும் கெடும்.

நாய்களிடமும் சோதனை நடந்தது. வைட்டமின் ஈ, சி, காய்கறி, பழச் சக்கைகள் சேர்த்த உணவைக் கனடாவின் டொரன்டோ ஆய்வாளர்கள் கிழட்டு பீகிள் நாய்களுக்கு இரண்டு வருடம் கொடுத்தார்கள். 2005-ல் வெளியான முடிவின்படி அந்த நாய்கள் கற்றுக்கொள்வதில் தேறியிருந்தன. ஆனால் மிக நன்றாகத் தேறியவை, அந்த உணவோடு நடைப்பயிற்சியும் விளையாட்டும் கூட்டாளி நாயும் கிடைத்தவை. உணவு மட்டும் எல்லாம் செய்துவிடாது.

இப்போது குப்பத்துக்குத் திரும்புவோம். அன்றைய மீன் தலையில் கொழுப்பு புதிதாகவே இருக்கும், அதைக் காக்க ரசாயனம் தேவையில்லை. ஆனால் வீட்டில் அன்போடு ஊற்றும் மீன் குழம்புச் சோற்றில் ஒரு ஆபத்து உண்டு. வெங்காயம் தின்ற நாய்களுக்கு ரத்தசோகை வருவதை அமெரிக்க மருத்துவர் செப்ரெல் 1930-லேயே எழுதிவிட்டார். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகப் பொருட்கள் நாயின் சிவப்பணுக்களைத் தாக்கி உடைக்கின்றன. தாக்குதல் நடப்பது அதே ஆக்ஸிஜனேற்ற வழியில்தான்! மனிதனுக்கு நல்லது என்று புகழும் அதே பூண்டு நாய்க்கு நேர்மாறு. திராட்சையும் அப்படித்தான், அது நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கருவாட்டின் உப்பும் நாய்க்கு அதிகம்.

குழம்பில் போடும் முன்பே ஒரு துண்டு மீனை எடுத்து, முள் நீக்கி, வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கொடுத்தால் போதும். பை வாங்குபவர்கள் முன்பக்கத்துப் படத்தைவிடப் பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் தேதியையும் பார்ப்பது நல்லது. திறந்த பையை இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். சிக்கு வாடை வந்தால் போடக்கூடாது.

பழவேற்காட்டுக் கருவாட்டுக்காரி மத்தியை முகர்ந்து பார்த்து ஒதுக்குவாள். ஆன்டி-ஆக்ஸிடன்டின் வரலாறு கேட்கச் சொல்லும் கேள்வியும் அது போல எளிமையானதுதான்: இந்தப் பொருள் காப்பது மூட்டையையா, நாயையா?