மூளைச் செல்களின் பொட்டாசியம் வாயில்களும் வலிப்பு நோயும்

வலிப்பு நோய் உள்ள பிள்ளைக்கு இளநீரும் வாழைப்பழமும் கூடுதலாகக் கொடுத்தால் பொட்டாசியம் சேர்ந்து வலிப்பு நின்றுவிடுமா என்று கருமத்தம்பட்டி வட்டாரப் பெற்றோர் கேட்பதுண்டு. நிற்காது. இங்கே பேசப்படுவது இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தின் அளவு அன்று. அது செல்லைக் கடந்து செல்லும் வாயில்.

வாயிலின் பணி

நரம்புச் செல் மின்துடிப்பை எழுப்பியபின், பொட்டாசியம் அயனிகள் தனி வாயில்கள் வழியே வெளியேறும், செல் அமைதியடையும். இவ்வாயில்கள் புரதத்தால் ஆனவை. இவை போதிய அளவு திறக்காவிடில் செல்கள் ஓயாமல் துடிக்கும், வலிப்பு ஏற்படக்கூடும்.

புரத மாற்றம் என்பது யாது?

உருவான புரதத்தின்மீது செல் சிறு ஒட்டுகளைச் சேர்க்கும், தேவைப்படும்போது நீக்கும். கதவின் தாழ்ப்பாளை இறுக்குவதும் தளர்த்துவதும் போன்றது இது.

• பாஸ்பேட்: மூளை மிகைத் துடிப்படையும்போது, கால்சிநியூரின் என்னும் நொதி கேவி2.1 வாயிலிலிருந்து பாஸ்பேட்டை நீக்குகிறது. வாயில் எளிதில் திறந்து, துடிப்பு தணிகிறது.
• சுமோ: இது ஒரு சிறு புரதம். இதனை நீக்கும் நொதி குறைந்த எலிகளில், கேவி7 வாயில்கள்மீது சுமோ மிகுதியாகச் சேர்ந்தது. வலிப்பும் திடீர் மரணமும் நிகழ்ந்தன. இவ்வாய்வு 2014-இல் வெளியானது.

மரபணுக் காரணம்

கேவி7 வாயில்களை உருவாக்கும் கே.சி.என்.க்யூ.2, கே.சி.என்.க்யூ.3 மரபணுக்களில் பிழை இருப்பின், பிறந்த சில நாள்களிலேயே வலிப்பு தோன்றலாம். இத்தொடர்பு 1998-இல் அறியப்பட்டது. பல குழந்தைகளுக்குச் சில மாதங்களில் வலிப்பு நின்றுவிடும். சிலருக்கு வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்து வரும். கார்பமசெபைன் போன்ற மருந்துகள் பலருக்கு நற்பலன் தருகின்றன. பச்சிளங்குழந்தைக்கு வலிப்பு வந்தால் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

கவனிப்போருக்கு

• வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.
• வலிப்பின்போது இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் திணிக்கலாகாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
• வலிப்பு ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.
• வலிப்பு கட்டுக்குள் வரும்வரை விசைத்தறி இயக்குதல், வாகனம் ஓட்டுதல், கிணற்றில் இறங்குதல் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.