லிங்கிக் கரையின் வானிலை முன்னறிவிப்பு

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், லிங்கி ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் கழிமுகத்துக்கும் அதையொட்டிய கடலுக்கும் தோட்டப்புறங்களுக்கும் பயன்படும் காற்று, அலை, இடிமழை முன்னறிவிப்புகளைப் பற்றியது இக்கட்டுரை. இவற்றை வெளியிடுவது மலேசிய வானிலை ஆய்வுத் துறை. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின் காலமே இப்பகுதியின் குளிர்காலம். பனியும் உறைகுளிரும் இங்கு இல்லை என்றாலும், அந்தக் காலத்துப் புயல்மழையின் தொடக்கம் சைபீரியாவின் குளிரில்தான் இருக்கிறது.

இடமும் கடலும்

சிரம்பான் வழியாக ஓடிவரும் லிங்கி ஆறு, ரெம்பாவ் ஆற்றையும் சேர்த்துக்கொண்டு கோலா லிங்கியில் கடலை அடைகிறது. ஏறத்தாழ 1,300 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மழைநீர் இந்த ஒரே வாயில் வழியாகத்தான் வடிந்தாக வேண்டும். முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில் இந்த ஆறே நெகிரி செம்பிலானுக்கும் மலாக்காவுக்கும் எல்லை. மலாக்கா பக்கக் கரையில் 18ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் சிதைவுகள் இன்றும் உள்ளன. ஆற்றில் ஏறி இறங்கிய ஈய வணிகத்தைக் கண்காணிக்க அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் அது.

மேற்கே சற்றுத் தொலைவில், கலங்கரை விளக்கம் உள்ள தஞ்சோங் துவான் முனைக்கும் எதிரே சுமத்திராவை ஒட்டிய ரூப்பாட் தீவுக்கும் நடுவில் நீரிணை சுமார் 40 கிலோமீட்டராகக் குறுகிவிடுகிறது. இந்தக் குறுகல்தான் இங்குள்ள அலையின் குணத்தைத் தீர்மானிக்கிறது. காற்று நெடுந்தூரம் நீரைத் தள்ளிக்கொண்டு வர இடமில்லாததால், தீபகற்பத்தின் கிழக்கே கிளந்தான், திரங்கானு கரைகளில் எழுவதுபோன்ற மலையலை இங்கு எழாது. ஆனால் திடீர்க் காற்றில் கிளம்பும் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து வரும். ஓர் அலையில் ஏறிய சிறுபடகு நிமிர்வதற்குள் அடுத்தது வந்து மோதிவிடும். அலை ஒரு மீட்டர்தானே என்று எண்ணிப் புறப்படுவது இந்தக் கடலில் ஆபத்தானது.

குளிர்காலத்து எழுச்சி

சைபீரியாவில் தேங்கும் குளிர்ந்த, கனத்த காற்று அவ்வப்போது தென்சீனக் கரை வழியாகப் பிதுங்கி வெளியேறும். ஓரிரு நாளில் தென்சீனக் கடலின் வடகிழக்குக் காற்று வலுக்கும். வெதுவெதுப்பான கடலின் ஈரத்தை வழிநெடுக வாரிக்கொண்டு வரும் அது, தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் பல நாள் விடாமழையாகக் கொட்டும். இதைப் பருவக்காற்று எழுச்சி என்பர். 15 பாகை வட அட்சரேகையை ஒட்டி, சுமார் 750 மீட்டர் உயரத்தில் வீசும் வடகாற்று விநாடிக்கு 8 மீட்டரைத் தாண்டுகிறதா என்பது ஆய்வாளர்கள் வழக்கமாகப் பார்க்கும் அளவுகோல்களில் ஒன்று. தொலைவில் தோன்றி மெல்ல நகர்வதால், சில நாள்களுக்கு முன்பே இதைக் கணிக்க முடிகிறது. இதைப் புரிந்துகொள்ள 1978 டிசம்பரில் பல நாட்டு விஞ்ஞானிகள் நடத்திய குளிர்காலப் பருவக்காற்று ஆய்வின் களமையமாக இருந்தது கோலாலம்பூர்.

மேற்குக் கரையில் இருக்கும் லிங்கிக்குத் தித்திவாங்சா மலைத்தொடர் அரண். கிழக்கே வெள்ளம் புரளும் டிசம்பர், சனவரியிலும் இங்குக் கடல் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். தென்மேற்குக் கரையோரத்தில் மழை மிகுந்த மாதங்கள் அக்டோபரும் நவம்பரும். குறைந்த மாதம் பிப்ரவரி. அதனால் குளிர்காலப் புயல் என்றாலே கிழக்குக் கரையார் கவலை என்ற எண்ணம் இப்பக்கத்தில் ஊறிப்போயிருந்தது.

அந்த எண்ணத்தை உடைத்தது 2021 டிசம்பர். தென்சீனக் கடலிலிருந்து வந்த வெப்பமண்டலத் தாழ்வு ஒன்று தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்தபோது, மேற்கே சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் ஒரு மாதத்து மழை ஒரு நாளில் பெய்தது. ஷா ஆலமின் ஸ்ரீ மூடா குடியிருப்பில் மக்கள் கூரையேறி உதவிக்குக் காத்திருந்தார்கள். நெகிரி செம்பிலானும் தப்பவில்லை. நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெருமழைக்கான எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. வீட்டைவிட்டு எப்போது வெளியேற வேண்டும் என்ற தெளிவுதான் கடைசி ஆள்வரை போய்ச் சேரவில்லை. இந்தக் குறை இன்றும் முழுதாகத் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

அதற்கு முன், 2001 டிசம்பர் 27இல் வாமெய் சூறாவளி தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது. பூமத்தியரேகைக்கு 1.5 பாகைக்குள் அது உருவானது. புவிச் சுழற்சியின் விசை அங்கு மிகக் குறைவு என்பதால், அவ்வளவு அருகில் சூறாவளி தோன்றாது என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. வலுவான பருவக்காற்று எழுச்சியும் போர்னியோவை ஒட்டிய காற்றுச் சுழலும் ஒன்றுசேர்ந்து அதைச் சுழல வைத்தன. 2025 நவம்பர் இறுதியிலோ மலாக்கா நீரிணையிலேயே ஒரு புயல் பிறந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை அதற்குச் சென்யார் எனப் பெயரிட்டது. அச்சேயில் கரையேறி, சுமத்திராவில் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்ட பெருவெள்ளத்தோடு தொடர்புடைய அப்புயல், திரும்பி நீரிணையைக் கடந்து சிலாங்கூர்ப் பக்கம் வந்தது. நீரிணையில் புயல் வராது என்ற நம்பிக்கை இனிச் செல்லாது.

விடியலில் வரும் சுமத்திரா

பெரும்புயல் அபூர்வம். லிங்கிக் கரை ஆண்டுதோறும் பலமுறை சந்திப்பது சுமத்திராக் காற்றைத்தான். இரவில் சுமத்திரா மலைகளிலிருந்தும் தீபகற்ப மலைகளிலிருந்தும் இறங்கும் குளிர்ந்த காற்று, வெப்பம் ஆறாத நீரிணையின் மேல் எதிரெதிரே சந்திக்கிறது. ஈரக்காற்று மேலெழும்பி இடிமேகங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. தென்மேற்குக் காற்று அந்த வரிசையைக் கிழக்கே தள்ள, நள்ளிரவுக்குப் பின் தொடங்கிக் காலைக்குள் அது கரையைத் தாக்குகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இதன் காலம். மே முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குக் கரையோர மழையில் இதன் பங்கு பெரிது. காற்றின் வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

வருகை எப்போதும் ஒரே மாதிரிதான். மேற்கு அடிவானத்தில் கரும்பட்டை ஒன்று வளைந்து எழும். அதுவரை இருந்த புழுக்கம் சட்டென்று மாறிக் குளிர்காற்று முகத்தில் அடிக்கும். தென்னை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். மழை அதற்குப் பின்னால்தான் வரும். காற்று முதலில் வந்துவிடுவதால், மழையைப் பார்த்துப் படகைத் திருப்பலாம் என்று காத்திருப்பவருக்கு நேரம் இருக்காது.

தோட்டங்களுக்கும் இந்த நேரக்கணக்கு முக்கியமாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து லிங்கி வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களுக்கு, விடிவதற்கு முன்பே பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு. மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும் அந்த வேளையில் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெங்கும் பரவி வீணாகும். பால் சேரும் கிண்ணமான மங்கில் விழுந்ததையும் மழை நிரப்பிக் கெடுக்கும். மரம் காயட்டும் என்று காத்திருந்தால் வெயில் ஏறிப் பால் குறையும். சுமத்திரா வந்த காலையில் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலியும் சுருங்கும். வானத்தைப் பார்த்து அன்றைய வருமானத்தைக் கணித்த அந்தத் தலைமுறையின் வானிலை அறிவு பெரும்பாலும் முறையாகப் பதிவாகவில்லை. அது பெரிய இழப்பு. தோட்ட நிர்வாகங்கள் வைத்த மழைமானிகளின் கணக்கு ஆவணத்தில் தப்பியது. நீர்ப்பாசன வடிகால் துறையின் மழை நிலையப் பெயர்கள் பல இன்றும் தோட்டத்தைக் குறிக்கும் லாடாங் என்ற மலாய்ச் சொல்லிலேயே தொடங்குகின்றன.

இன்று அந்த நிலங்களில் பெரும்பகுதி செம்பனையும் வீடமைப்பும். பெரட்டின் கணக்கு மறைந்தாலும், விடியலில் வரும் காற்று மாறவில்லை. முகத்துவாரத்துக்கு அப்பால் நங்கூரமிட்டுக் கப்பலுக்குக் கப்பல் எண்ணெய் மாற்றுவோருக்கும் இப்போது அதே கவலைதான்.

எச்சரிக்கை முறை

தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் ஏற்றப்படும் எண்ணிட்ட புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் போன்ற வழக்கம் இங்கு இல்லை. பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் பற்றிய எச்சரிக்கை மூன்று நிலைகளில் வருகிறது. காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை என்றால் முதல் நிலை. சிறுபடகுகளுக்கு அதுவே ஆபத்து. 50 முதல் 60 கிலோமீட்டர், 4.5 மீட்டர் வரை என்றால் இரண்டாம் நிலை. அதையும் தாண்டினால் மூன்றாம் நிலை. கப்பல், கடலோரப் பணி எதற்கும் பாதுகாப்பில்லை. நீரிணையில் செல்லும் கப்பல்கள் 518 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் நாவ்டெக்ஸ் செய்திகளிலும் எச்சரிக்கைகளைப் பெறுகின்றன.

இந்த அளவுகள் பரந்த கடலுக்கும் நாள்கணக்கில் நீடிக்கும் காற்றுக்கும் பொருந்துபவை. சுமத்திராக் காற்றுக்கு ஏற்றது இடிமழை எச்சரிக்கை. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் இடிமழை நெருங்குவதாகவோ, ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாக நீடிக்கும் என்றோ அறிகுறி தெரிந்தால் அது வெளியாகும். ஒரு தடவைக்கு அதன் ஆயுள் ஆறு மணி நேரம்வரைதான். செப்பாங் விமான நிலையத்துக்காக டெங்கிலில் உள்ள டாப்ளர் ராடாரும், பத்து நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்பும் ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோளும் மேக வரிசையைக் காட்டுகின்றன. வரிசை உருவான பின் கரைக்கு வரும் நேரத்தைச் சொல்வது எளிது. இன்றிரவு எந்த இடத்தில் உருவாகும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் கடினம். கணினி மாதிரிகளின் கட்டங்களில் பிடிபடாத அளவுக்கு அந்த மேகங்கள் சிறியவை. சிங்கப்பூர் வானிலைச் சேவை 1.5 கிலோமீட்டர் கட்டங்களில் ஒரு மாதிரியை இயக்குவது இதற்காகத்தான்.

கழிமுகத்தில் வசிப்போர் ஆற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஏற்றத்தின்போது கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி நிற்கும். அந்நேரம் சிரம்பான் பக்கம் கனமழை பெய்தால் வெள்ளம் வடிய வழியின்றித் தேங்கும். ஆகவே கடல் அறிவிப்போடு, நில அளவைத் துறையின் கடலேற்ற அட்டவணையையும், நீர்ப்பாசன வடிகால் துறை இணையத்தில் தரும் ஆற்று நீர்மட்டத்தையும் ஒன்றாகப் பார்ப்பதே சரி.

அறிவிப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மைச்சுவாச்சா (myCuaca) செயலியில் கிடைக்கின்றன. தமிழ் வானொலியான மின்னல் பண்பலையின் செய்தி வரும்வரை காத்திருந்தால், ஆறு மணி நேர எச்சரிக்கையில் பாதி நேரம் போய்விடலாம். கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் எச்சரிக்கையைக் கண்டதும், மொழி புரியாத பெரியவர்களுக்கும் ஆற்றோரத்து அண்டை வீட்டாருக்கும் உடனே தமிழில் சொல்லிவிட வேண்டும். ஆபத்தில் அழைக்க வேண்டிய எண் 999.