பட்டியலுக்கு முன்னால் ஒரு மேடை இருந்தது

இந்த எபிசோடில் ஒரு காத்திருப்போர் பட்டியலின் கதை. காத்திருப்பவர்கள் குழந்தைகள்.

1982. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜேமி ஃபிஸ்க் என்று ஒரு பெண் குழந்தை. ஒரு வயதுகூட ஆகவில்லை. பித்தக்குழாய் அடைப்பால் கல்லீரல் கெட்டுவிட்டது; மாற்றினால்தான் பிழைப்பாள். யாருக்கு முதலில் உறுப்பு தருவது என்று முடிவு செய்ய நாடு முழுமைக்கும் ஒரு பட்டியல் அன்று கிடையாது. அப்பா சார்லஸ் ஃபிஸ்க், பாஸ்டனில் ஒரு மருத்துவ மையத்தில் நிர்வாக வேலையில் இருந்தவர். எந்தக் கதவைத் தட்டணும்னு தெரிஞ்ச மனுஷன். குழந்தை மருத்துவர்களின் மாநாட்டில் பேச அனுமதி வாங்கினார். டிவி செய்தியானது. யூட்டாவில், விபத்தில் தங்கள் குழந்தையைப் பறிகொடுத்த குடும்பம் அந்தச் செய்தியைப் பார்த்திருந்தது. நவம்பரில் மினசோட்டாவில் ஆபரேஷன். ஜேமி பிழைத்தாள்.

அந்த அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒரு நாள் லீவு போட்டால் கூலி போய்விடும் என்ற நிலையில் இருந்த பெற்றோருக்கு எந்த மேடை? 1983 ஜூலையில் அதிபர் ரீகனே தன் ரேடியோ உரையில் டெக்சஸ் குழந்தை ஒன்றுக்காகக் கல்லீரல் கேட்டார். அதிபர் சிபாரிசு, யோசிச்சுப் பாருங்க!

இந்தக் கூத்தெல்லாம் சேர்ந்துதான் 1984-ல் தேசிய உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. உறுப்பை விற்பது குற்றமானது, தேசிய அளவில் பட்டியல் உருவானது. 2002-ல் குழந்தைகளின் கல்லீரலுக்கென்றே பி.இ.எல்.டி. என்ற ஸ்கோர் வந்தது. பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் அளவு, ஒரு வயதுக்குள்ளா, வளர்ச்சி குன்றியிருக்கிறதா: அப்போது இன்புட் அவ்வளவுதான். இனம் என்ற காலமே இல்லை, சம்பளமும் இல்லை. ஒரு இன்ஜினியரா எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன்.

ஆனா, உள்ளே ஒரு ஓவர்ரைடு இருந்தது. சில நோய்களில் குழந்தையின் ஆபத்து ரத்தப் பரிசோதனையில் தெரியாது. கல்லீரல் புற்றுநோய் அப்படி ஒன்று. அப்போது டாக்டர் கூடுதல் ஸ்கோர் கேட்டு எழுதலாம், மற்ற டாக்டர்கள் கொண்ட குழு படித்து முடிவு செய்யும். தேவையான வசதிதான். ஆனால் நாளாக ஆக, விதிவிலக்கு வழக்கமாகிப்போனது. அதன் பலன் வெள்ளைக் குழந்தைகளுக்கே அதிகம் கிடைத்ததை ஆய்வுகள் காட்டின. ஃபார்முலா இனத்தைக் கேட்கவில்லை, ஆனால் எழுதுவதும் படிப்பதும் மனுஷங்கதானே.

பட்டியலுக்கே போகாத வழியும் உண்டு: அம்மாவோ அப்பாவோ தன் கல்லீரலில் ஒரு துண்டைத் தருவது. கொடுத்தவர் பல வாரம் வேலைக்குப் போக முடியாது. கறுப்பினக் குழந்தைகளுக்கு இந்த வழி குறைவாகவே கிடைத்திருக்கிறது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அடுத்ததுதான். 2020-ல் வந்த ஓர் ஆய்வு, மாற்று நடந்து முடிந்த குழந்தைகளை அவர்கள் வசிக்கும் பகுதியோடு பொருத்திப் பார்த்தது. ஏழ்மையான பகுதிக் குழந்தைகளுக்குப் புதுக் கல்லீரல் செயலிழக்கும் ஆபத்து அதிகம். அறுவை முடிந்ததும் வேலை வீட்டுக்கு வந்துவிடுகிறது. டாக்ரோலிமஸ் மாத்திரை தினமும் இரண்டு வேளை, நேரம் தவறாமல், பல வருஷம். அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அதற்கு யாராவது லீவு போட்டு, பல மணி நேரம் பயணம் செய்து கூட்டிக்கொண்டு போகணும். சில குழந்தை மருத்துவமனைகளில் இப்போது ரத்தம் எடுப்பதோடு, வாடகை கட்ட முடியுதா, வீட்டில் சாப்பாடு இருக்கா, அடுத்த தடவை வர வண்டி இருக்கா என்றும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.